மூன்று மீனாட்சிசுந்தரம் பிள்ளைகள்

மயிலாடுதுறை வட்டாரத்தில் ஒரு கிளை நூலகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். அட்டைப் பட்டியலைக் கணினிக்கு மாற்றிய காலத்தில் நான் செய்த ஒரு பிழை இன்றும் உறுத்துகிறது.

படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம். அதை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. நம் பக்கத்தில் ஏது குடும்பப் பெயர்? முன்னால் ஊரும் தந்தை பெயரும் நிற்கும். பழைய ஆட்களுக்குப் பின்னால் ஒரு பட்டம் ஒட்டியிருக்கும். அந்தப் பட்டத்தையே எடுத்துக் கட்டத்தில் போட்டேன். ஊரை விட்டுவிட்டேன்.

ஒரு நாள் காலையில் தவில் வாசிக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். தேடினேன். பெயர் வந்தது, பக்கத்தில் 1815–1876. பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

“இது மகாவித்துவான் அல்லவா, அம்மா? எங்கள் ஐயா காலமானது 1949-ல்.”

குரலில் கோபம் இல்லை. உறவினரின் கருமாதிப் பத்திரிகையில் தேதி தவறாக அச்சானதைச் சொல்பவரைப் போல இருந்தார். எனக்குத்தான் முகம் சுருங்கிப்போனது.

அன்று மாலை அந்தப் பெயரில் இருந்த எல்லா நூல்களையும் மேசைமேல் அடுக்கினேன். மூன்று மனிதர்கள் ஒரே வரியில் அடைபட்டுக் கிடந்தார்கள்.

மகாவித்துவான் திருவாவடுதுறை ஆதீனப் புலவர், உ.வே.சாமிநாதையரின் ஆசிரியர். 1876 பிப்ரவரி 1-ஆம் தேதி அவர் மறைந்த இரவைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். கிறிஸ்தவ மாணவர் சவேரிநாத பிள்ளை அவரைத் தம் மார்பில் சாய்த்துக்கொண்டிருக்கிறார். இருபது வயதுச் சாமிநாதன் திருவாசகத்தின் அடைக்கலப் பத்தை வாசிக்கிறார். ஆயிரமாயிரம் பாடல்கள் பாடியவர் விட்டுச்சென்றது கடன்.

பந்தநல்லூர்க்காரர் நடனம் கற்பிக்கும் நட்டுவனார், 1869-ல் பிறந்தவர், நாட்டியத்தை முறைப்படுத்திய சகோதரர்களான தஞ்சை நால்வரின் மரபு. பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிர் இகழப்பட்டிருந்த நாளில் அவரிடம் கற்ற ருக்மிணி தேவி 1935 டிசம்பரில் அடையாற்றில் மேடையேறினார். ஆசிரியர் 1954 வரை இருந்தார்.

நீடாமங்கலத்தார் 1894-ல் பிறந்தவர். வெண்ணாறு மூன்றாகப் பிரியும் ஊர் அது. அவர் தவிலைக் கேட்டவர்கள் இப்போது அருகிவிட்டார்கள்.

பட்டம் ஒன்றாக இருந்தால் வாழ்வும் ஒன்றாகிவிடுமா? மடத்தில் புலவர்கள் சூழ வீற்றிருந்தவருக்கும், இசை வேளாளர் வீட்டில் பிறந்த மற்ற இருவருக்கும் ஊர் கொடுத்த இடம் ஒன்றல்ல. ‘பிள்ளை’ என்ற சொல் அந்த வேறுபாட்டை மூடிவிடுகிறது. என் கட்டமும் அதையே செய்தது. போதாததற்கு, இருவருடைய மரணத்தையும் அவர்களிடமிருந்து பிடுங்கிவிட்டது. தவில்காரரை அவர் பிறப்பதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பே சாகவைத்திருந்தேன்.

இந்திய நூலகத் துறைக்கே தந்தையான எஸ்.ஆர்.ரங்கநாதன் எங்கள் பக்கத்துச் சீர்காழிக்காரர். அவர் பெயரின் முதல் ‘எஸ்’ சீர்காழிதான். ‘ஷியாழி’ என்று எழுதிய காலத்து எழுத்து. அந்த ஒரு எழுத்தைத் தினமும் பார்த்துக்கொண்டே இருந்தும், ஊர் எதற்கு என்று நினைத்திருக்கிறேன்.

மூவரையும் பிரித்து, ஊரை முன்னால் வைத்து, ஆண்டுகளைத் திருத்தினேன். இரண்டு நாள் ஆனது.

அடுத்த மாதம் பெரியவர் வந்தபோது திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். மூன்று வரிகளையும் விரல் வைத்துப் படித்தார். பிறகு, “வேதநாயகம் பிள்ளைக்கு ஊர் போட்டீர்களா?” என்று கேட்டார்.

போட்டிருக்கவில்லை. மாயூரம் என்ற இன்றைய மயிலாடுதுறையில் முன்சீப்பாக இருந்தவர், 1889-ல் மறைந்தவர். பிறந்தது குளத்தூர், நண்பரான மகாவித்துவான் அவர்மேல் பாடியதும் குளத்தூர்க் கோவைதான்.

“எந்த ஊரைப் போடட்டும், ஐயா?”

பெரியவர் நாற்காலியை இழுத்து அருகில் உட்கார்ந்தார்.