சாணைக்காரரிடம் கொடுத்த ஐஸ் ஸ்கேட்

ஐஸ் ஹாக்கி கற்றுக்கொள்ள லடாக்கில் இருக்கும் லே போய்வந்தேன் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் "எவ்வளவு ஆச்சு?" என்பார்கள். போகவர, தங்க, கவசம் வாடகைக்கு எடுக்க என்று 48,000 ஆனது. பாதி என் சம்பளம், பாதி அப்பத்தா போட்டிருந்த சீட்டுப் பணம். இதே எண்ணத்தில் இருக்கும் பிள்ளைகள் நான் செய்த கோமாளித்தனத்தையாவது செய்யாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டை எங்கள் ஐயா பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர்கள் முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் வருவார்கள். மற்ற நாளெல்லாம் வளவு காலி. ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, எண்ணெய் தொட்டுத் துடைத்தால் முகம் தெரியும். ஒன்பது வயதில், சக்கரங்கள் ஒரே வரிசையில் இருக்கும் இன்லைன் ஸ்கேட் மாட்டி நான் ஓடிப் பழகியது அங்கேதான். சக்கரத்தால் தரையில் கீறல் விழாது என்று ஐயாவை நம்பவைக்கவே ஒரு மாதம் ஆனது. வேகம் சீக்கிரம் வந்துவிட்டது. நிற்பதுதான் வரவில்லை. சுற்றிலும் தூண்கள் இருந்ததால் அதைப் பற்றி நான் கவலைப்படவும் இல்லை. ஏதாவது ஒரு தூணைக் கட்டிப்பிடித்து நின்றுவிடுவேன். பிறகு ரோலர் ஹாக்கி, மாவட்டப் போட்டி என்று போனபோதும் பந்தை விரட்டுவதில் இருந்த சூரத்தனம் நிற்பதில் இருந்ததில்லை.

வீட்டுக்காரர் குடும்பத்துப் பெண் ஒருவர் டொரோண்டோவில் இருக்கிறார். ஒருமுறை படைப்புக்கு வந்தபோது, காலுக்குச் சிறிதாகிப்போன தன்னுடைய ஐஸ் ஸ்கேட்டை எனக்கென்று கொண்டுவந்தார். காரைக்குடியில் ஐஸ் என்றால் மீன் கடையில் உடைத்துப் போடுகிற கட்டிதான். இரண்டு வருஷம் அது அப்பத்தாவின் பெட்டகத்தில் பழைய பட்டுச் சேலைக்குப் பக்கத்தில் கிடந்தது.

லேயில் ஜனவரி மாதம் புதியவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள் என்று தெரிந்து, டிக்கெட் போட்ட வாரம். தெருவில் "சாணை பிடிக்கிறதேய்" என்று குரல். பிளேடு மழுங்கியிருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, நடுவுல நீளத்துக்கும் பள்ளம் விழுந்து தேஞ்சு போயிருக்கே?"

"ரொம்ப நாள் ஓட்டினதுண்ணே."

"பள்ளத்தை எடுத்துச் சமமாக்கித் தர்றேன்."

கால்மணி நேரம் மிதித்தார். பொறி பறந்தது. வேலை அவ்வளவு சுத்தம். கேட்டதற்கு மேல் இருபது ரூபாய் கொடுத்தேன்.

பல்லவனில் சென்னை, அங்கிருந்து டில்லி, டில்லியிலிருந்து லே. குளிர்காலத்தில் சாலையை நம்ப முடியாது, விமானம்தான். லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் இரண்டு நாள் அறையைவிட்டு நகராதே, தண்ணீர் குடித்துக்கொண்டே இரு என்றார்கள். நான் மாடிப்படி ஏறிப் பார்த்தேன். எட்டாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். தலைவலி மூன்றாம் நாள்தான் விட்டது.

நாங்கள் பழகியது உறைந்த குளத்தில். ராத்திரி அதன்மேல் தண்ணீர் பாய்ச்சிவிடுவார்கள், விடிவதற்குள் கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும். வெயில் ஏறினால் மேல்பரப்பு இளகும் என்பதால் காலையிலேயே களத்தில் இருக்க வேண்டும். நெஞ்சு, முழங்கை, முழங்கால், தலைக்குக் கம்பிவலை வைத்த ஹெல்மெட் என்று எல்லாம் கட்டி முடிக்க எனக்கு அரைமணி நேரம். இறங்கினேன். முதல் உந்தலிலேயே கால் பக்கவாட்டில் போனது. எழுந்தேன், விழுந்தேன். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் என்னைச் சுற்றிப் போனார்கள். பதினைந்து வருஷம் ஸ்கேட் ஓட்டியவள் என்று அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

பயிற்சியாளர் வந்து என் காலைத் தூக்கி, பிளேடின் அடியில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். பிறகு இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். இந்தி எனக்கு அரைகுறை, ஆனால் சிரிப்புக்கு மொழி வேண்டாமே.

விஷயம் இதுதான். ஐஸ் ஸ்கேட்டின் பிளேடு கத்தி மாதிரி ஒரே கூர் இல்லை. அடியில் நீளவாக்கில் ஒரு குழிவு இருக்கும். அந்தக் குழிவின் இரண்டு கரையும்தான் கூர். உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. உடம்பைச் சாய்க்கும்போது ஒரு கரை பனியைக் கடித்துப் பிடிக்கும். என் சாணைக்காரர் அந்தக் குழிவைத்தான் பொறி பறக்க எடுத்துவிட்டார். நான் ஐஸின்மேல் இரண்டு ஸ்கேல் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அங்கே ஒரு சின்ன மெஷின் வைத்திருந்தார்கள். அதன் சாணைக்கல்லின் விளிம்பை வைர முனையால் உருட்டாகச் செதுக்கி, அதன்மேல் பிளேடை நீளவாக்கில் இழுக்கிறார்கள். அரை அங்குல ஆரத்தில் குழிவு. நகத்தை வைத்தால் இரண்டு கரையும் நகத்தைச் சுரண்டியது. மறுநாள் நின்றேன்.

நின்றேன் என்றால், விழாமல் நின்றேன். ஓடிவந்து நிற்க இன்னும் ஐந்து நாள் ஆனது. சக்கரத்தில் இரண்டு காலையும் சட்டென்று குறுக்கே திருப்பினால் அது தரையைப் பற்றிக்கொண்டு ஆளைத் தூக்கி எறியும். அந்தப் பயம் உடம்பில் ஊறியிருந்தது. ஐஸில் அதையேதான் செய்ய வேண்டும்: முழங்காலை மடக்கு, பாரத்தை ஒரு நொடி இலகுவாக்கு, இரண்டு பிளேடையும் குறுக்கே போடு, அழுத்து. ஆறாம் நாள் காலை, சர்ரென்று சத்தம், தேங்காய்த் துருவல் மாதிரி பனி சிதறியது. பிடித்துக்கொள்ள ஒரு தூண்கூட இல்லாத இடத்தில் நின்றேன்.

அதற்குப் பிறகு, பந்துக்குப் பதிலாக ஐஸ் ஹாக்கியில் அடிக்கிற பக். அதிரச அளவில் கறுப்பு ரப்பர் வட்டு. மூன்று அங்குல அகலம், ஒரு அங்குல கனம். கையில் வாங்கினால் கல். குளிரில் இறுகியது துள்ளாமல் வழுக்கிக்கொண்டே போகும். பெரிய ஆட்டக்காரர்கள் ஒரு தடவை களமிறங்கினால் ஏறக்குறைய 45 நொடி உயிரைக் கொடுத்து ஆடிவிட்டு ஆள் மாற்றிக்கொள்வார்கள். நமக்கு எதற்கு இத்தனை சீக்கிரம் மாற்று என்று நினைத்திருந்தேன். அந்த உயரத்தில் இருபதாவது நொடியில் வேலியைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு வாங்கினேன்.

இதையே தொழிலாக்க முடியுமா என்று டொரோண்டோ அக்காவிடம் போனில் கேட்டேன். மழுப்பாமல் பேசுகிறவர். "அங்க நாலஞ்சு வயசுல ஐஸ்ல இறக்கி விட்டுடுறாங்க. ஆம்பளப் பிள்ளைக 15, 16 வயசுல வீட்டைவிட்டே ஜூனியர் டீமுக்குப் போயிடுதுக. 18 வயசுல என்எச்எல்ங்கிற பெரிய லீக்குக்குத் தேர்வு, ஏழு சுற்று. பேரு வந்தாலும் ஆட விடுவாங்கன்னு இல்ல" என்றார். பெண்களுக்கான தொழில்முறை லீக்கான பிடபிள்யூஎச்எல் 2024 ஜனவரியில்தான் தொடங்கியது. அப்போது ஆறே அணிகள், ஒரு சீசனுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 35,000 டாலர். "டொரோண்டோ வாடகைக்கே போயிடும்டி" என்று சிரித்தார். இங்கே அந்த மாதிரித் தொழில்முறை ஆட்டமே இல்லை. லடாக் பிள்ளைகளுக்கு ராணுவம், இந்தோ திபெத் எல்லைக் காவல்படை என்று அணிகள் உண்டு. ஆடினால் ஒரு உத்தியோகம் கிடைக்கலாம். எனக்கு வயது 24. கணக்கு எனக்கே தெரிந்தது. அழுகை வரவில்லை, பசிதான் வந்தது.

அந்த வருஷமே, 2025 ஜூனில், அமீரகத்தில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பையில் இந்திய அணி வெண்கலம் வாங்கியது. பெரும்பாலும் லடாக் பெண்கள். நான் காரைக்குடியில் பிள்ளைகளுக்கு இன்லைன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பை நிறுத்திவிட்டுப் போனில் எல்லோருக்கும் காட்டினேன். அவர்களுக்கு முதல் பாடம் இப்போது ஓடுவது இல்லை, நிற்பது. பெற்றோர் கேட்கிறார்கள், "பிள்ளை எப்ப வேகமா ஓடும்?"

போன மாதம் சாணைக்காரர் வந்தார். "அந்த இரும்புச் செருப்பு எப்படிம்மா ஓடுச்சு?" என்று கேட்டார். எடுத்துவந்து காட்டினேன். கட்டைவிரலால் தடவிப் பார்த்தவர் முகம் மாறியது.

"மறுபடியும் பள்ளம் விழுந்துருச்சே! குடுங்க, எடுத்துத் தர்றேன்."

அப்பத்தாவின் அரிவாள்மனையைக் கொடுத்துவிட்டு, ஸ்கேட்டைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினேன்.