காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்

அறுவை சிகிச்சைக்கு முன் வெறும் வயிற்றுடன் வர வேண்டும் என்பதை நோயாளிகளிடம் சொல்லும் மருத்துவத் துறையினராகிய நாம், அதற்கான காரணத்தைப் பல நேரங்களில் சொல்வதில்லை. அதனால், உடம்பு தாங்காதே என்று அஞ்சி விடியற்காலையில் சிறிது உண்டுவிட்டு வருபவர்களும் உண்டு. முந்தைய இரவிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூட அருந்தாமல் நா வறண்டு வருபவர்களும் உண்டு. முழு மயக்கத்தில் இருமலும் விழுங்குதலும் அடங்கிவிடுவதால், இரைப்பையில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் புகுந்துவிடலாம். இதைக் கேட்ட பின் யாரும் உண்டதை மறைக்க மாட்டார்கள் என்றே நான் நம்புகிறேன். எளிய உணவுக்கு 6 மணி நேர இடைவெளி வேண்டும். ஆனால், வேறு சிக்கல் இல்லாத பெரும்பாலானோர் 2 மணி நேரம் முன்புவரை தண்ணீர் அருந்தலாம் என்பதையும் சொல்ல வேண்டும்.

அதைவிட அதிகமாக விடுபடுவது, நோயாளி எதை உணர்வார் என்பது. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யும்போது வலி தெரியாது. ஆனால் தொடுவதும் இழுப்பதும் தெரியக்கூடும், கால்கள் சில மணி நேரம் அசையாமல் கனக்கும். முன்பே சொல்லப்படாதவர், மருந்து வேலை செய்யவில்லை என்றோ கால் போய்விட்டது என்றோ பதறுவார். அமெரிக்காவில் 1964இல் வெளியான ஓர் ஆய்வில், வயிற்று அறுவைக்குப் பின் வரும் வலியைப் பற்றியும் அதைத் தணிக்கும் வழிகளைப் பற்றியும் மயக்க மருத்துவர் விளக்கியிருந்த நோயாளிகளுக்கு, மற்றவர்களுக்குத் தேவைப்பட்டதில் ஏறத்தாழப் பாதியளவு வலி மருந்தே போதுமானதாக இருந்தது. பேச்சும் சிகிச்சையின் ஒரு பகுதி என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

அறுவை அரங்கின் வாசலில், தள்ளுபடுக்கையில் கிடப்பவரிடம் ஒப்புதல் படிவத்தை நீட்டுவது சரியான முறை அல்ல. அந்த நிலையில் வேண்டாம் என்று சொல்லவோ, இன்னொரு கேள்வி கேட்கவோ யாருக்கும் துணிவு வராது. அவசர அறுவை தவிர மற்றவற்றில், சில நாட்களுக்கு முன்பே குடும்பத்தினருடன் அமர வைத்துப் பேசலாம். புரிந்ததா என்று கேட்டால் பெரும்பாலும் தலையசைப்பே விடையாகக் கிடைக்கும், "வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டால், எது விடுபட்டது என்பது உடனே தெரிந்துவிடும். குறிப்பாக, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து, சர்க்கரை நோய் மாத்திரை ஆகியவற்றில் எதை, எந்த நாளிலிருந்து நிறுத்துவது, எதை அன்று காலையிலும் விழுங்குவது என்பதைத் தாளில் எழுதிக் கொடுத்து, அவர் வாயாலேயே திரும்பச் சொல்ல வைப்பது நல்லது.