பெயர்தான் அடையாளம்: புலுமியிலும் சிடிகேயிலும் இடறும் இடங்கள்

புலுமியும் ஏடபிள்யூஎஸ் சிடிகேயும் கிளவுடில் நெட்வொர்க், டேட்டாபேஸ் போன்ற ரிசோர்ஸ்களை நிரல் எழுதி உருவாக்க உதவும் கருவிகள். டைப்ஸ்கிரிப்டோ பைத்தானோ தெரிந்தவர் அவற்றில் ஒன்றைக் கையில் எடுத்தால் அன்றே ஒரு நெட்வொர்க்கை எழுப்பிவிடலாம். லூப் உண்டு, ஃபங்ஷன் உண்டு, தப்பான ப்ராப்பர்ட்டி எழுதினால் எடிட்டரே சிவப்புக் கோடு போடும். எழுதுவது சுலபம்தான். எழுதியதைப் பிறகு திருத்தும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

நிரல் நேரடியாக எதையும் உருவாக்குவதில்லை. சப்நெட் (நெட்வொர்க்கின் ஒரு பகுதி) என்று ஒரு ஆப்ஜெக்டை எழுதினால், புலுமியில் அது 'இந்தப் பெயரில் இப்படி ஒன்று வேண்டும்' என்று எஞ்சினுக்குப் போகும் கோரிக்கை. எஞ்சின் அதை, ஏற்கெனவே உருவாக்கியவற்றின் பதிவான ஸ்டேட்டோடு ஒப்பிட்டு, புதிதாக உருவாக்குவதா, மாற்றுவதா, விட்டுவிடுவதா என்று முடிவு செய்யும். சிடிகேயில் நிரல் ஓடி முடிந்ததும் கிளவுட்ஃபார்மேஷன் டெம்ப்ளேட் ஒன்று மிஞ்சும். மிச்ச வேலை, டெம்ப்ளேட்டைப் படித்து ரிசோர்ஸ்களை உருவாக்கும் ஏடபிள்யூஎஸ் சேவையான கிளவுட்ஃபார்மேஷனுடையது. இரண்டிலும் பழையதையும் புதியதையும் பொருத்திப் பார்க்க உதவுவது நீங்கள் கொடுத்த பெயர். வேரியபிளுக்கு வைத்த பெயர் அல்ல, ஆப்ஜெக்டை உருவாக்கும்போது முதல் ஆர்க்யூமென்ட்களில் ஸ்ட்ரிங்காகக் கொடுக்கும் பெயர்.

லூப் எழுதும்போது இது உடனே கடிக்கும். 10.0.1.0/24, 10.0.2.0/24, 10.0.3.0/24 என்று மூன்று சப்நெட்டுகள் ஒரு அரேயில் இருக்கின்றன. பெயர்கள் சப்நெட்-0, சப்நெட்-1, சப்நெட்-2. நடுவில் உள்ளது வேண்டாம் என்று அந்த வரியை நீக்குகிறீர்கள். எஞ்சினுக்குத் தெரிவது வேறு: சப்நெட்-1இன் முகவரி 10.0.3.0/24 ஆக மாறிவிட்டது, சப்நெட்-2 காணாமல் போய்விட்டது. சப்நெட்டின் முகவரியை இருந்த இடத்தில் மாற்ற முடியாது. புதிதாகத்தான் கட்ட வேண்டும். புலுமி இயல்பாகப் புதியதைக் கட்டிவிட்டுத்தான் பழையதை இடிக்கும். அப்போது 10.0.3.0/24 இன்னும் சப்நெட்-2இடம் இருப்பதால் முகவரி மோதி டெப்லாய் (மாற்றத்தைக் கிளவுடில் நிறுவும் வேலை) பாதியில் நிற்கும். இன்டெக்ஸை எடுத்துவிட்டு 'சப்நெட்-ஆப்', 'சப்நெட்-டேட்டா' என்று பயனை வைத்துப் பெயரிட்டால், நீக்கியது மட்டும் நீங்கும்.

புலுமி பல ரிசோர்ஸ்களின் உண்மையான பெயருக்குப் பின்னால் ஏழு எழுத்து ரேண்டம் வால் ஒன்றை ஒட்டுவதும் இதற்காகத்தான். பழையதும் புதியதும் சற்று நேரம் சேர்ந்து வாழ வேண்டுமே. அழகாக இல்லை என்று வாலை வெட்டிப் பெயரைக் கையால் பூட்டினால், மாற்றீடு வரும் நாளில் 'இந்தப் பெயர் ஏற்கெனவே உள்ளது' என்று நிற்கும். பூட்டியே ஆக வேண்டும் என்றால் முதலில் இடித்துவிட்டுக் கட்டும் ஆப்ஷனைப் போடுங்கள். இடைப்பட்ட நேரம் சேவை இருக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இதைவிட ஆபத்தானது நிரலைச் சுத்தம் செய்வது. நீண்ட ஃபைலைப் பிரித்து, டேட்டாபேஸை ஒரு கிளாஸுக்குள் நகர்த்துவது சாதாரண நிரலில் எந்த விளைவும் இல்லாத வேலை. இங்கே அப்படியில்லை. சிடிகேயில் ரிசோர்ஸின் அடையாளமான லாஜிக்கல் ஐடி, கன்ஸ்ட்ரக்ட் (அந்த ரிசோர்ஸைக் குறிக்கும் ஆப்ஜெக்ட்) நிரலின் மர அமைப்பில் இருக்கும் பாதையிலிருந்தும் அந்தப் பாதையின் ஹாஷிலிருந்தும் பிறக்கிறது. பாதை மாறினால் ஐடி மாறும். புலுமியில் ரிசோர்ஸைச் சுற்றியிருக்கும் பெற்றோரின் டைப், அதன் அடையாளமான யூஆர்என்னுக்குள் சேர்கிறது. ஒரு வரி ப்ராப்பர்ட்டி கூட மாறாமலே, புதுக் காலி டேட்டாபேஸ் உருவாகிப் பழையது அழியும் திட்டம் தயாராகிவிடும். புலுமியில் ஏலியாஸ் கொடுத்துப் பழைய அடையாளத்தைச் சொல்லுங்கள். எல்லா ஸ்டாக்கிலும் (டெவ், ப்ரொட் போன்ற ஒவ்வொரு நிறுவலிலும்) ஒருமுறை டெப்லாய் ஆகும்வரை அதை நீக்க வேண்டாம். சிடிகேயில் பழைய லாஜிக்கல் ஐடியைக் கையால் திணிக்கலாம். எதுவானாலும், என்ன மாறப்போகிறது என்று முன்கூட்டியே காட்டும் பிரிவியூவில் 'ரீப்ளேஸ்' என்றோ ஏதோ ஒன்று அழியும் என்றோ வந்தால் ஏன் வந்தது என்று புரியும்வரை மேலே போகக் கூடாது.

அடுத்தது, இன்னும் பிறக்காத மதிப்புகள். புதுப் பக்கெட்டின் (கோப்புகள் வைக்கும் இடத்தின்) ஏஆர்என் என்ற ஏடபிள்யூஎஸ் அடையாளம் டெப்லாய்க்குப் பிறகுதான் தெரியும். அதனால் புலுமி அதை அவுட்புட் என்ற உறைக்குள் வைத்துத் தருகிறது. டைப்ஸ்கிரிப்டில் அவுட்புட்டை நேராக 'இஃப்'புக்குள் போட்டால் உள்ளே என்ன இருந்தாலும் விடை எப்போதும் உண்மை, ஏனென்றால் சோதிக்கப்படுவது உறை. சாதாரண ஸ்ட்ரிங்கோடு ஒட்டினால் மதிப்புக்குப் பதிலாக ஒரு எச்சரிக்கை வாசகம் உள்ளே போய் உட்காரும். இன்டர்போலேட் ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். உறைக்குள் உள்ள மதிப்பு கிடைத்ததும் ஓடும் அப்ளைக்குள் புது ரிசோர்ஸ் உருவாக்குவதைத் தவிருங்கள்: மதிப்பு தெரியாதபோது பிரிவியூ அந்தப் பகுதியை ஓட்டாது, டெப்லாயில் மட்டும் அது திடீரென்று முளைக்கும். சிடிகேயில் இதே வேலையை, பிறகு வரும் மதிப்புக்கு இடம் பிடித்து வைக்கும் டோக்கன் செய்கிறது. பார்க்க ஸ்ட்ரிங் மாதிரியே இருப்பதால் மொழியின் ஸ்ப்ளிட்டைப் போட்டு வெட்டத் தோன்றும். பெரும்பாலும் ஒற்றைத் துண்டுதான் திரும்பி வரும். கிளவுட்ஃபார்மேஷனின் ஸ்ப்ளிட்டையும் செலக்டையும்தான் அழைக்க வேண்டும்.

இன்றைய தேதி, ரேண்டம் எண், இணையத்திலிருந்து எடுத்த பட்டியல் இவற்றை நிரலுக்குள் நேராக விடாதீர்கள். ஒவ்வொரு பிரிவியூவும் ஏதோ மாற்றம் என்று சொல்லும், பிறகு உண்மையான மாற்றத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள். புலுமியில் பாஸ்வேர்டுக்கு ரேண்டம் ப்ரொவைடரின் ரிசோர்ஸ் உண்டு, மதிப்பு ஸ்டேட்டில் ரகசியமாகத் தங்கும். சிடிகே தேடி எடுத்த மதிப்புகளைச் சேமிக்கும் கான்டெக்ஸ்ட் ஃபைலைக் கிட்டில் கமிட் செய்யுங்கள்.

சிறிய அமைப்பு, அரிதாக மாற்றம், பராமரிப்பவர்கள் நிரலாளர்கள் அல்ல என்றால் டெராஃபார்ம் என்ற இன்னொரு கருவியின் சொந்த மொழியான எச்சிஎல் போதும். அதன் இறுக்கம் அங்கே ஒரு பாதுகாப்பு. ஒரே அடுக்கைப் பல சூழல்களில் சிறு மாறுதல்களோடு நிறுத்த வேண்டியிருந்தால்தான் டைப்ஸ்கிரிப்ட் போன்ற பொது மொழி தன் விலையைத் திருப்பித் தருகிறது.

எந்த வழியில் போனாலும், தரவு இருக்கும் ரிசோர்ஸ்களுக்கு முதல் டெப்லாயிலேயே பூட்டுப் போடுங்கள். புலுமியின் ப்ரொடெக்ட், அழிப்பதோடு மாற்றீட்டையும் தடுக்கும். சிடிகேயில் ரிட்டெய்ன் போட்டால் ஸ்டாக்கிலிருந்து விலகினாலும் டேட்டாபேஸ் அப்படியே நிற்கும். ஆனால் காலியான புதியது உருவாவதை அது தடுக்காது, ஆப் அந்தக் காலி டேட்டாபேஸைப் போய்த் தொட்டுவிடலாம். அதனால் ஏடபிள்யூஎஸ்ஸின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸின் சொந்த டெலீஷன் ப்ரொடெக்ஷனையும் சேர்த்து ஆன் செய்து, டெப்லாயைத் தானாக ஓட்டும் சிஐயில் பிரிவியூவின் முடிவை ஒரு ஆள் படித்து ஒப்புதல் தந்த பிறகே டெப்லாய் ஓடும்படி வையுங்கள்.