வகுப்பறைச் சுவரில் எதை மாட்டுவது?

ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகள் ஒரே அறையில் அமரும் சிறிய ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி எங்களுடையது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் சுவர்களைப் பற்றிய பேச்சு தானாகவே எழுந்துவிடும். கடையில் வாங்கிய பழங்கள், விலங்குகள் படங்கள், தலைவர்கள், தேசியச் சின்னங்கள், அன்பர் ஒருவர் அச்சிட்டுத் தந்த பிளக்ஸ் என்று எல்லாமே கைவசம் இருக்கும். பார்வைக்கு வரும் அலுவலருக்கு அறை வெறுமையாகத் தெரியக்கூடாதே என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ள, கூரையைத் தொடும் வரை அட்டைகள் ஏறிவிடுகின்றன. எழுதிக்கொண்டிருக்கும் குழந்தை ஐயம் வந்து நிமிர்ந்து பார்க்கும்போது அதற்கு உதவக்கூடியது எதுவோ, அதற்கே சுவரில் முதலிடம் என்பது என் உறுதியான கருத்து.

எழுத்து அட்டையையே எடுத்துக்கொள்வோம். 247 எழுத்துகளையும் ஒரே தாளில் அடக்கிய அட்டை இல்லாத பள்ளி இருக்காது. ஆனால் அதில் ஒவ்வோர் எழுத்தும் எவ்வளவு சிறியது என்பதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு ஆகியவை எந்த மெய்யோடு சேர்ந்தாலும் அதே வடிவில் வருவதால் குழந்தைகள் விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் தடுமாறுவது உகர, ஊகார வரிசைகளில்தான். கு, சு, து, மு என்று மெய்க்கு மெய் வடிவம் மாறுகிறது, நெடிலில் மீண்டும் மாறுகிறது. ‘மூக்கு’ என்று எழுத முனையும் குழந்தை ‘மூ’ எழுதியபின் ‘கு’வுக்காகச் சுவரைத் தேடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஆகவே அந்த இரண்டு வரிசைகளின் 36 எழுத்துகளை மட்டும் கையளவு பெரிதாக எழுதி, பூ, குடை, தூண், முறுக்கு போன்ற சொற்களுடன் மாட்டி வைக்கிறேன். மூன்று வகுப்புகளுக்கு ஒரே ஆசிரியர் இருக்கும் அறையில், நான் வேறொரு குழுவுடன் இருக்கும் நேரத்தில் கேட்காமலே கிடைக்கும் உதவி அது.

எங்கே மாட்டுகிறோம் என்பதும் இதே அளவுக்கு முக்கியம். ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் உயரம் மூன்றரை முதல் நான்கு அடி. தரையில் பாய் விரித்து உட்கார்ந்தால் கண் இன்னும் கீழே இறங்கிவிடும். கதவு நிலைக்கு மேலே தொங்கும் அட்டையால் அதற்குப் பயனில்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், சுவரின் கீழ்ப்பகுதியைக் குழந்தைகள் எழுதுவதற்கான கீழ்மட்டக் கரும்பலகையாக மாற்றியது. அவர்களின் படைப்புகளைத் தொங்கவிடக் கம்பிப் பந்தலும் கட்டச் செய்தது. அந்த முறையைப் பற்றி எத்தனையோ விவாதங்கள் உண்டு. ஆனால் இந்த இரண்டும் அருமையான ஏற்பாடுகள். இன்று பல அறைகளில் அந்தக் கரும்பலகையின் மேலேயே பிளக்ஸ் ஒட்டப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. எண்கோட்டையும் நான் கைக்கு எட்டும் உயரத்தில்தான் ஒட்டுகிறேன்; விரலை வைத்து நகர்த்தி எண்ணினால்தான் கூட்டல் அவர்களுக்குப் பிடிபடுகிறது.

வெற்றிடம் குறித்த அச்சம் தேவையற்றது என்பதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மழலையர் வகுப்புக் குழந்தைகள் 24 பேருக்கு, அலங்காரம் நிறைந்த அறையிலும் அலங்காரமற்ற அறையிலும் மாறி மாறி அறிவியல் பாடம் நடத்தப்பட்டது. அலங்கார அறையில் பாட நேரத்தில் 38.6 விழுக்காடும் மற்ற அறையில் 28.4 விழுக்காடும் கவனம் சிதறியது. தேர்வில் சரியான விடைகள் முறையே 42, 55 விழுக்காடு. ஒரு சிறு ஆய்வை வைத்து எல்லாச் சுவர்களையும் வெறுமையாக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பாடம் நடத்தும்போது குழந்தைகள் நோக்கும் முன்சுவரில் கரும்பலகையைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்று முடிவு செய்ய எனக்கு இது போதும்.

பின்சுவர் முழுவதும் குழந்தைகளுக்கு. ஒரே அச்சுப் படத்துக்கு எல்லோரும் வண்ணம் தீட்டிய தாள்களை அங்கே வைப்பதில்லை. தன் வீட்டு ஆட்டைப் பற்றி எழுதிய இரண்டு வரி, தெருவின் வரைபடம், பெய்த மழையைக் குறித்த படம் ஆகியவை பெயருடன் இடம்பெறும். அழகாக எழுதுபவர்களின் தாள்களை மட்டும் தேர்ந்தெடுத்தால் மற்றவர்கள் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார்கள் என்பதால், ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் இடம் ஒதுக்கி, அதில் எதை வைப்பது என்பதை அந்தக் குழந்தையிடமே விட்டுவிடுகிறேன். எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையால் திருத்திய தாளை மாட்டுவதில்லை. மதிப்பெண் தரவரிசையும், யாருக்கு எத்தனை நட்சத்திரம் என்ற பட்டியலும் எந்தச் சுவரிலும் கிடையாது. கடைசியில் தன் பெயரைத் தினமும் பார்க்கும் குழந்தைக்கு அந்தத் தாள் என்ன கற்றுத்தரும்?

மாட்டியதை எப்போது கழற்றுவது என்பதைக் குழந்தைகளின் கண்களே சொல்லிவிடும். உகர அட்டையை யாரும் நிமிர்ந்து பார்க்காமல் எழுதத் தொடங்கியதும் அதை எடுத்து விடுகிறேன். அந்த இடத்தில் ல, ள, ழ வேறுபடும் சொற்கள் வருகின்றன. பழங்கள் படமும் விலங்குகள் படமும் அலமாரியில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பாடம் வரும் வாரத்தில் வெளியே எடுத்து, நடுவில் விரித்து, சுற்றி உட்கார்ந்து பேசுகிறோம்.