அந்தியூர்ச் சந்தையும் ஆங்சோ தங்கமும்

ஆடி வந்தா அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்கு அப்புச்சியோட போயிருவேன். மோளத்துக்குக் காலைத் தூக்கி ஆடற குதிரைகிட்ட இருந்து அவரைக் கெளப்பறதே பெரும்பாடுங்க.

நேத்து, சீனாவோட ஆங்சோ நகரத்துல 2023ல நடந்த ஆசியப் போட்டி வீடியோவைப் போட்டுக் காட்டினேன். டிரெஸ்ஸாஜ் அணிப் பிரிவு, அதாவது குதிரையைச் சொன்னபடி அழகா அடியெடுத்து வெக்க வெக்கிற போட்டி. அனுஷ், ஹிருதய், திவ்யகிருதி, சுதிப்தின்னு நாலு பேரு. ஆணும் பொண்ணும் ஒரே களம். மேல வந்த மூணு பேரோட மார்க்கைக் கூட்டி 209.205, தங்கம்! 1982 டெல்லிக்கு அப்புறம், 41 வருசம் கழிச்சு, குதிரையேற்றத்துல நமக்குத் தங்கம்.

அப்புச்சி மார்க்கைக் கண்டுக்கவே இல்லை. "கடிவாளத்தை இழுக்கவே காணமே கண்ணு, குதிர எப்புடித் திரும்புது?"

காலழுத்தம், உக்கார்ற பாங்குதான் அப்புச்சின்னு சொன்னேன்.

"செரி, அந்தக் குதிர என்ன வெல வரும்?"