வடக்கன்குளம்: இரண்டு கூடங்கள், ஒரே பீடம்

புனித தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற ஊர் என்பதற்காகத்தான் பலரும் வடக்கன்குளம் வருகிறார்கள். நானும் அதற்காகத்தான் போனேன். ஆனால் திருக்குடும்ப ஆலயத்துக்குள் நின்றபோது, அந்தக் கட்டடமே என்னை வேறொரு ஜெபத்துக்குள் இழுத்துவிட்டது.

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கிறது ஊர். தூத்துக்குடி மறைமாவட்டத்தின் பழைய பங்குகளில், அதாவது ஊர்ச் சபைகளில், ஒன்று. 1680களிலேயே இங்கே கத்தோலிக்கச் சமூகம் வேர்விட்டிருந்தது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பணியாற்றிய நீலகண்ட பிள்ளை, டச்சுத் தளபதி டி லனாய் மூலம் இயேசுவைப் பற்றி அறிந்து, மலைக்கணவாயைத் தாண்டி இங்கே வந்தார். இயேசு சபைக் குரு புத்தாரி 1745 மே 14 அன்று அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். நீலகண்டன் தேவசகாயம் ஆனார். அவருடைய மனைவி பார்கவியும் பிறகு ஞானப்பூ ஆனார்.

அவர்கள் கண்ட கோயில் இன்று இல்லை. இப்போது நாம் பார்க்கும் ஆலயம் 1872இல் எழுந்தது. சாதாரணமாக ஒரு கோயிலுக்கு நீளமான ஒரே கூடமும் அதன் முனையில் பீடமும் இருக்கும். இங்கே கூடமே இரண்டு. விரித்து வைத்த கால்சட்டையின் கால்கள்போல இரண்டும் தனித்தனியாகக் கிளம்பி, சரிந்து வந்து, பீடத்தில் சேர்கின்றன. பீடத்தில் நிற்கும் சாமியாருக்கு இரண்டு பக்கத்து மக்களும் தெரிவார்கள். மக்களுக்கோ பீடம் தெரியும், அடுத்த கூடத்தில் இருப்பவர்கள் தெரியமாட்டார்கள்.

இதைக் கட்டடக்கலை அதிசயம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஏன் இப்படிக் கட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளாளருக்கு ஒரு கூடம், நாடார்களுக்கு ஒரு கூடம். இடையில் தடுப்பு. ஒரே அப்பத்தை உண்ண வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமலே உண்டுவிட்டுப் போகும்படி, அளந்து போட்ட திட்டம் அது. எல்லாச் சாதியாரோடும் வேறுபாடு பாராமல் பழகியதற்காகவும் சேர்த்துத் துன்பப்பட்டவர் தேவசகாயம். அவர் புதுப்பிறப்பு அடைந்த ஊரிலேயே இப்படி ஒரு சுவர் எழுந்ததே என்பதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

அப்புறம் 1910இல், கௌசானல் அடிகளார் காலத்தில், அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டது. முன்பிருந்தபடியே தடுப்பு வேண்டும் என்று வெள்ளாளர் தரப்பில் வழக்குத் தொடுத்தார்கள். 1917இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. சுவர் போனது போனதுதான்.

கூடங்களை ஒன்றாக்க முடியவில்லை, கட்டடத்தின் உடம்பே அப்படி. அது அப்படியே இருப்பது நல்லது என்றுதான் நினைக்கிறேன். வருகிறவர்கள் பார்க்கட்டும், கேட்கட்டும். இரண்டு கூடங்களும் சேரும் இடத்தில் நான் முழந்தாளிட்டேன். எனக்காக எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அந்தத் தடுப்புக்கு அப்பால் நிறுத்தப்பட்டு, அப்படியே வாழ்ந்து இறந்துபோனவர்களுக்காகவும், தடுப்பு வேண்டும் என்று நம்பியவர்களுக்காகவும் ஒரு பரலோக மந்திரமும் அருள்நிறை மந்திரமும் சொன்னேன். இன்றும் தனித்தனிக் கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் ஊர்கள் நம் நாட்டில் இருக்கின்றன. அவற்றையும் அந்த ஜெபத்தில் சேர்த்துக்கொண்டேன்.

போகிறவர்கள் ஞானப்பூ அம்மாளின் கல்லறையைப் பார்க்காமல் திரும்ப வேண்டாம். கணவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அந்த அம்மாள் இந்த ஊரில்தான் தன் கடைசிக் காலத்தைக் கழித்தார். தேவசகாயத்தைப் புனிதர் என்று 2022 மே 15 அன்று திருச்சபை அறிவித்தது; ஞானப்பூ அம்மாளைப் பற்றிப் பேசுகிறவர்களோ குறைவு. அங்கிருந்து ஆரல்வாய்மொழி பக்கம்தான். 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயம் உயிர் விட்ட காற்றாடிமலையில் ஏறிவிட்டு, அவர் உடல் அடக்கம் செய்யப்பட்ட கோட்டாறு சவேரியார் கோயிலுக்குப் போகலாம். ஞானஸ்நானத்தில் தொடங்கி அடக்கம் வரை, அவர் வாழ்ந்த வரிசையிலேயே யாத்திரை அமைந்துவிடும்.