ஐந்தாவது அச்சு சுருங்கவில்லை

மரச்செதுக்கில் எடுத்த அச்சுப்படம் ஒன்றைச் சட்டமிடுவதற்காக, கீல் எனப்படும் மெல்லிய தாள் துண்டுகளால் போர்டில் ஒட்டி எடை வைத்திருந்தேன். இன்று காலை எடையைத் தூக்கி, ஒற்றுத்தாளை மெல்ல விலக்கினேன். அச்சு அப்படியே படிந்து கிடந்தது. மேல் விளிம்பில் ஓர் அலைகூட இல்லை! நான்கு அச்சுகளைப் பறிகொடுத்த பிறகு இது.

அச்சின் தாள் காம்பி என்ற மெல்லிய ஜப்பானியத் தாள், சதுர மீட்டருக்கு 12 கிராம். மரச்செதுக்கின் நுண்கோடுகளை அது வாங்குகிற அழகுக்காகவே அதை விட மனமில்லை. ஆனால் ஈரம் பட்டால் விரியும், காயும்போது இழுத்துக்கொள்ளும். கீல் ஒட்டிய இடம் மட்டும் நனைந்தால் அங்கே மட்டும் நெளியும். முதல் நான்கிலும் பசையைப் பால் பதத்துக்குக் கரைத்துத் தூரிகையால் தடவினேன். நெளிவு போதாதென்று, பசை ஊறிய இடம் முன்பக்கம் கருந்திட்டாகவும் தெரிந்தது.

இந்த முறை கோதுமை ஸ்டார்ச்சை ஐந்து பங்கு நீரில் காய்ச்சி, இருமுறை சல்லடையில் தேய்த்து, வெண்ணெய்ப் பதத்திலேயே நிறுத்தினேன். கீலுக்குச் சதுர மீட்டருக்கு 5 கிராம் எடையுள்ள கோசோ என்ற இன்னொரு ஜப்பானியத் தாள். நீர்க்கோடு போட்டுக் கிழித்ததால் ஓரம் இழை இழையாக வந்தது. அந்த இழைகளில் 2 மி.மீ. அகலத்துக்கு மட்டும் பசை. உடனே ஒட்டவில்லை. கீலை ஒற்றுத்தாளில் வைத்து, பசையின் பளபளப்பு அடங்கும்வரை காத்திருந்தேன். எல்லாம் அந்தச் சில நொடிகளில்தான் இருக்கிறது. பளபளப்பு இருந்தால் ஈரம் அச்சுக்குள் இறங்கும்; முழுக்கக் காய்ந்துவிட்டால் கீல் பிடிக்காது. ஒட்டியதும் பாலியெஸ்டர் துணி, ஒற்றுத்தாள், எடை. ஒரு நிமிடத்தில் ஒற்றுத்தாளை மாற்றினேன், ஐந்து நிமிடத்தில் மறுபடி, ஒரு மணி நேரத்தில் மறுபடி. அப்புறம் இரவு முழுக்கத் தொடவில்லை.

தடித்த கீல் வைத்தால் பலம் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சட்டம் கீழே விழுந்தால் கிழிய வேண்டியது கீல், அச்சு அல்ல.

ஒற்றுத்தாள் வாங்குபவர்கள் கவனியுங்கள்: எழுதுபொருள் கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் சொரசொரப்பு இருக்கிறது, எடை வைத்ததும் அது காம்பியில் பதிந்துவிடுகிறது. தாள் பராமரிப்புக்கென்று விற்கும் தடித்த, வழவழப்பான ரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

60 செ.மீ. அகலத்தில் ஒரு பெரிய அச்சு காத்திருக்கிறது. அதற்குப் பசையே வேண்டாம், போர்டுக்குப் பின்னால் இரும்புத் தகடும் முன்னால் சிறு காந்தங்களும் வைத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அதற்கு முன் இந்த அச்சுக்கே ஜன்னல் போர்டு, அதாவது படம் தெரிய நடுவில் திறப்பு வெட்டிய முன் அட்டை, இன்னும் வெட்டவில்லை. ஈரக்காற்றில் காம்பி முன்னோக்கிப் புடைக்கும், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் போச்சு. கண்ணாடியை அச்சிலிருந்து தள்ளி நிறுத்தும் 5 மி.மீ. இடைவெளிப் பட்டைகளை நறுக்கிவிட்டுத்தான் போர்டில் கத்தி வைக்கப் போகிறேன்.